ஆணி அடித்த கோப்பி மெஷின்

இது நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாரிகாலத்துப் பின்னேரம், கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் நாங்கள் குடியிருந்த வீட்டில். எத்தனையோ வருஷங்கள் போய்விட்டன. ஆனால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் ஒன்றின் சத்தம் திடீரென்று நின்றால் இன்றைக்கும் என் நெஞ்சு பதறுகிறது. பக்கத்தில் பிள்ளைகள் யாராவது இருந்தால் முதலில் அவர்களைப் பிடித்து வெளியே விட்டுவிட்டுத்தான் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பேன். வீட்டில் எல்லோருக்கும் இது ஒரு பகிடி. காரணம் முழுவதையும் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது கலியாணமாகி நாலு வருஷம். என் கணவருக்கு வாய்க்கால் வேலைகளை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகம். காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டால் பின்னேரம்தான் திரும்புவார். பகல் முழுக்க நானும் இரண்டரை வயது மகளும்தான். வீடு சின்னது. சமைக்கிற குசினி வீட்டோடு ஒட்டாமல் பத்தடி தள்ளித் தனியாக இருந்தது. அரைச் சுவர் மண்ணால், அதற்கு மேல் கிடுகு மறைப்பு, கிடுகுக் கூரை, ஒரேயொரு வாசல்.

என் அண்ணா கப்பலில் வேலை செய்தார். அந்த வருஷம் லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு சாமான் கொண்டுவந்தார். அலுமினியத்தில் செய்தது, எட்டுப் பட்டையோடு இடுப்புச் சிறுத்த ஒரு கேத்தல் மாதிரி. நடுவில் திருகினால் இரண்டாகக் கழன்றுவிடும். கீழ்ப்பாதியில் தண்ணீர். அதற்கு மேல் சல்லடை போட்ட ஒரு சின்னக் கிண்ணத்தில் கோப்பித்தூள். அடுப்பில் வைத்தால் தண்ணீர் கொதித்து, ஆவி அதை மேலே தள்ளி, தூளுக்குள்ளால் ஏற்றி, மேற்பாதியில் கறுப்பாகக் கோப்பி வந்து விழும். இத்தாலித் துறைமுகக் கடைகளில் ஆளுயர மெஷின் வைத்து எஸ்பிரெஸோ என்று ஒரு கோப்பி போடுகிறார்களாம். அந்த மெஷின் வாங்கப் பணக்காரராலும் ஏலாது, இது அதற்குத் தம்பி, அங்கே கூலி வேலை செய்கிற ஆட்களின் வீட்டிலும் ஒன்று இருக்கும் என்றார் அண்ணா.

முதல் நாள் அவரே போட்டுக் காட்டினார். கூடவே ஒரு ரின்னில் தூளும் கொண்டுவந்திருந்தார். அது எங்கள் தூள் போல மாவாக இல்லாமல் ரவை போல இருந்தது. தூளை அமத்தாதே, தண்ணீரை அந்தக் குமிழுக்கு மேலே விடாதே என்றெல்லாம் சொன்னார். கீழ்ப்பாதியின் பக்கத்தில் பித்தளையில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதன் நடுவில் ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை. அது எதற்கு என்றும் சொல்லியிருப்பார். நான் கவனிக்கவில்லை. அடுத்த நாள் ரெயிலில் அவர் போகப்போகிறார் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன்.

அந்த மெஷின் வந்தபிறகு என் நடப்பே மாறிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு ஒருவரிடமும் இல்லாத சாமான் அல்லவா? யார் வந்தாலும் இருங்கோ, கோப்பி குடிச்சிட்டுப் போங்கோ என்பேன். மேற்பாதியில் கோப்பி வந்து விழும்போது ஒரு களகள சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்கென்றே பக்கத்து வீட்டு அக்கா வருவா. சிலருக்கு ரின்பால் விட்டுக் கொடுப்பேன். சிலருக்குப் பசுப்பாலைக் காய்ச்சி, இரண்டு மூக்குப்பேணிகளுக்கு மாறி மாறி உயர்த்தி ஆற்றி, நுரையை மேலே நிற்கவிட்டுக் கொடுப்பேன். அண்ணா சொன்ன துறைமுகக் கடையையே வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை.

அண்ணாவின் தூள் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. பிறகு எங்கள் தூளைத்தான் போட்டேன். கோப்பிக்கொட்டையை மல்லியோடு வறுத்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து எடுத்த தூள். மா போல இருக்கும். அதைப் போட்ட அன்றே மெஷின் தகராறு பண்ணத் தொடங்கியது. கோப்பி மேலே வருவதற்குப் பதிலாக, பக்கத்துக் குமிழின் துளைக்குள்ளால் சீறிக்கொண்டு ஆவி வந்தது. கோப்பி அரைவாசிதான் ஏறியது.

மெஷின் ஒழுகுகிறது என்று நான் முடிவுகட்டினேன். எங்கள் வீட்டில் நாளும் பொழுதும் நடக்கிற கதையே ஒழுக்குத்தான். எந்த மதகு ஒழுகுகிறது, எந்த வாய்க்கால் கரையில் ஓட்டை விழுந்தது, எப்படி அடைத்தார்கள் என்பதையே கேட்டுக் கேட்டு இருந்தவள் நான். முதலில் துளைக்குள் துணித் துண்டை வைத்தேன். ஆவி அதைத் தூக்கி எறிந்தது. பிறகு சோற்றை மசித்து அப்பினேன். அதுவும் நிற்கவில்லை. கடைசியில் என் கணவருடைய ஆயுதப் பெட்டியில் இருந்து ஒரு சின்ன ஆணியை எடுத்து, துளைக்குள் வைத்து, அம்மிக் குழவியின் நுனியால் தட்டி இறுக்கினேன். அதற்கு மேல், மதகுக்குப் பூசக் கொண்டுவந்து மிஞ்சிக் கிடந்த தாரை உருக்கிப் பூசினேன்.

அடுத்த முறை ஒரு சொட்டு ஆவிகூட வெளியே வரவில்லை. கோப்பி முன்னைவிடக் கடுப்பமாக, வேகமாக ஏறியது. இவர் வந்தவுடன் காட்டினேன். பார்த்துவிட்டு, எங்கட கந்தோருக்கு உம்மைத்தான் வேலைக்கு எடுக்கவேணும் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் பெருமை ஏறிவிட்டது. அப்படியே ஒரு கிழமைக்கு மேல் பாவித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பின்னேரம் வந்தது.

பரந்தனில் ஒரு அரிசி ஆலையில் எங்கள் நெல்லை அவிக்கக் கொடுத்திருந்தோம். அந்த ஆலையில் நெல் அவிக்கும் பொயிலரைப் பார்க்கிறவர் சைக்கிளில் வந்தார். முல்லைத்தீவைச் சேர்ந்த முஸ்லிம் ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும். மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நெல் அவித்துக் காய்ந்துவிட்டது, மழை கூடுவதற்குள் குத்தி எடுத்துப் போகச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் வந்தார். அவரை இரண்டொரு தடவை ஆலையில் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்து வந்த மனுசனை வாசலோடு அனுப்ப மனமில்லை. விறாந்தையில் கிடந்த மர வாங்கைக் காட்டி, இருங்கோ நானா, கோப்பி போட்டுக்கொண்டு வாறன் என்றேன். அவர் வலது காதை என் பக்கம் திருப்பி, என்ன என்று கேட்டார். திரும்பச் சொன்னேன். இடது காது தனக்கு அறவே கேட்காது என்று சொல்லிச் சிரித்தார்.

குசினிக்குப் போனேன். மகள் உள் மூலையில் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் சிரட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். மெஷினை நாங்கள் மண் அடுப்பில் வைப்பதில்லை. காற்றடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று இருந்தது, குக்கர் என்போம். அதை ஒரு பெட்டிக்கு மேல் வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், புகை வெளியே போகட்டும் என்று. மாரி ஈரத்தில் தூள் கட்டிபட்டிருந்தது. ஆலைக்காரருக்கு நல்ல கடுப்பமான கோப்பி கொடுக்கவேண்டும் என்று, கரண்டியின் பின்பக்கத்தால் தூளை அமத்தி அமத்தி நிரப்பினேன். திருகி இறுக்கினேன். குக்கருக்கு நன்றாகக் காற்றடித்து மூட்டிவிட்டு விறாந்தைக்கு வந்தேன்.

கோப்பி எங்கே போடுகிறீர்கள், புகையைக் காணவில்லையே என்று அவர் ஏதோ கேட்டார். அவ்வளவுதான், நான் மெஷினைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன். கப்பல், இத்தாலி, ஆவி தண்ணீரை மேலே தள்ளுவது, எல்லாம். ஆவி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஆவியோடுதானே தனக்கு இருபது வருஷச் சீவியம் என்றார். அந்த உற்சாகத்தில் நான் ஒழுக்குக் கதையையும் சொன்னேன். பக்கத்திலே ஒரு துளை இருந்தது, ஆவி வீணாகப் போய்க்கொண்டிருந்தது, நானே ஆணி அடித்து அடைத்துவிட்டேன் என்று.

அவர் காதுக்குக் கையைக் குவித்து, திரும்பச் சொல்லச் சொன்னார். எனக்கு அலுப்பாக இருந்தது. சத்தமாகச் சொன்னேன்.

அவர் வாங்கில் இருந்து எழுந்தார்.

"அந்தத் துளை பித்தளையிலயா இருந்திச்சு, தங்கச்சி?"

"ஓம் நானா. பித்தளைக் குமிழ்."

"இப்ப அது அடுப்பிலயா இருக்கு?"

ஓம் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் களகள சத்தம் கேட்டுவிடும். தூரத்துச் சத்தம் அவருக்குக் கேட்காதபடியால், ஏதும் சத்தம் வருகிறதா என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் காதைக் கொடுத்தேன். குக்கரின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அதற்குள் வேறு ஒன்றுமே இல்லை. அந்த நேரம் மகள் உள்ளே இருந்து தனக்குத்தானே ஏதோ பாடினாள்.

அவருக்கு அது கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

"நானா, பிள்ளை உள்ளுக்கை."

அவருடைய முகம் அப்படியே வெளிறிப் போனதைக் கண்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. மிஞ்சின ஆவி வெளியேற வைத்த வழியைத்தான் நான் ஆணி அடித்து மூடியிருக்கிறேன். இருபது வருஷமாகப் பொயிலரோடு நிற்கிற மனுசன் ஒரு கோப்பிக் கேத்தலுக்கு இப்படிப் பயப்படுகிறார் என்றால், அந்தக் கேத்தலில் என்ன இருக்கிறது? நான் ஓடப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் அகட்டி வழிமறித்துக்கொண்டு நின்றார்.

"வாசலால போகாதீங்க. அது வாசலடியிலதான் இருக்கு. பின்னால போய்க் கிடுகைப் பிய்ச்சுப் பிள்ளைய எடுங்க. நான் அடுப்பப் பாக்குறன்."

நான் குசினியைச் சுற்றி ஓடினேன். மழையில் ஊறிய கிடுகு. மறைப்பைக் கட்டியிருந்த கயிறு ஊறி இறுகிப் போயிருந்தது. விரலால் அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்தேன். பிறகு கிடுகின் ஓலைகளையே பிடித்து இழுத்தேன். நகம் பெயர்ந்தது அப்போது தெரியவில்லை. ஒரு முழ அகலத்துக்கு மறைப்பு விலகியது. உள்ளே பார்த்தேன்.

மகள் சத்தம் கேட்டு நிமிர்ந்து என்னைக் கண்டுவிட்டாள். அம்மா வெளியே நிற்கிறா, தானும் போகவேண்டும் என்று எழும்பினாள். எங்களுக்கு நடுவில் விறகுக் குவியல். அவளுக்குத் தெரிந்த வழி வாசல் மட்டும்தான். சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. கத்தினால் பயந்து இன்னும் வேகமாக ஓடுவாள். கத்தாமல் இருந்தால் நடந்துபோய்க் குக்கருக்குப் பக்கத்தில் நிற்பாள். தொண்டைக்குள் வந்த சத்தத்தை விழுங்கிக்கொண்டு, அவளோடு விளையாடும்போது கதைக்கிற அதே குரலில் சொன்னேன்.

"குஞ்சு, அங்கை போனால் நீ தோத்துப்போவாய். விறகுக்கு மேலை ஏறி வந்து அம்மாவின்ரை கையைத் தொடு பாப்பம்."

அவள் நின்றாள். யோசித்தாள். பிள்ளைகள் யோசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தாய்மாருக்குத் தெரியும். அந்த நேரத்துக்குள் நான் வாசல் பக்கம் பார்த்தேன். விறாந்தையில் கிடந்த வாங்கு பக்கவாட்டில் சரிந்தபடி, தன்பாட்டில் அசைவது போல, வாசலுக்குள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் பலகைக்குப் பின்னால் நானா குப்புறப் படுத்தபடி அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய தொப்பி மட்டும் கொஞ்சம் தெரிந்தது. மெஷினைப் பார்த்தேன். அது ஆடாமல் அசையாமல் இருந்தது. நடுவில் திருகிய இடத்தில் ஒரு துளி நீர் மணிபோல வந்து, உடனே காய்ந்து, திரும்பவும் வந்தது. மெல்லிய ஒரு கீச்சென்ற ஒலி வந்துகொண்டிருந்தது. காதடியில் பறக்கும் நுளம்பின் ஒலி போல.

மகள் சிரித்துக்கொண்டு விறகில் ஏறினாள். ஒரு விறகு உருண்டது. சறுக்கினாள். திரும்ப ஏறினாள். அவளுடைய கை என் விரலில் பட்டதுதான் தாமதம், முழங்கையோடு பிடித்து இழுத்தேன். சட்டை கிடுகில் கொழுவிக் கிழிந்தது. வெளியே எடுக்கும் முன் கடைசியாக நான் கண்டது, வாங்குக்கு மேலால் ஒரு கை நீண்டு, குக்கரின் காற்றுத் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்ததைத்தான்.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். குக்கரின் இரைச்சல் நின்றது. அப்பாடா, நின்றுவிட்டது என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? வெடிச்சத்தம் என்றால் போதாது. காதுக்குள் யாரோ அறைந்தது போல இருந்தது. கூரைக் கிடுகு ஒரு இடத்தில் மேலே எழும்பி, சிதறி, மழையோடு கீழே விழுந்தது. மரங்களில் இருந்த காகம் எல்லாம் பறந்தன. பிள்ளை வீரிட்டு அழுதாள். குசினிக்குள் இருந்து கோப்பி மணம் வந்தது.

நானா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். உள்ளே என்ன கிடக்கும் என்று எனக்குப் பயம். என் வீட்டுக்கு ஒரு செய்தி சொல்ல வந்த மனுசன், யாரோ ஒரு பெண்ணின் புருசன், நான் அடித்த ஒரு ஆணிக்காக உள்ளே கிடக்கிறாரோ என்று நினைத்தபோது, உள்ளே போவதைவிடச் செத்துவிடலாம் போல இருந்தது.

அவர் முழங்காலில் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தார். தலை, தாடி, சட்டை எல்லாம் கோப்பிச் சக்கை. வலது கை முழங்கையில் இருந்து விரல் வரைக்கும் சிவந்து அவிந்திருந்தது. வாங்கின் பலகை நடுவில் பிளந்திருந்தது. அது இல்லாவிட்டால் அவர் இல்லை. பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி அந்தக் கையில் ஊற்றினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்காவும் ஓடிவந்துவிட்டா.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லையா?" என்று கேட்டார். ஒண்டுமில்லை என்றேன். திரும்பவும் கேட்டார். ஓம் நானா, ஒண்டுமில்லை என்றேன். மூன்றாம் தடவையும் கேட்டார். நான் மகளைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் கிணற்றுக் கட்டோடு சாய்ந்து கண்ணை மூடினார்.

இவர் வந்து, ஒரு லொறியைப் பிடித்து, அவரைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைக்குக் கட்டுப் போட்டார்களாம். காது இரைகிறது, இரண்டு நாளில் சரிவரும் என்று நானாவே சொன்னாராம். அங்கிருந்து ஊருக்குப் போய்விட்டார். மெஷினின் மேற்பாதியைக் குசினிக்குப் பின்னால் வாழையடியில் கண்டெடுத்தோம். கீழ்ப்பாதியை இவர் கையில் எடுத்து, அந்த ஆணியை விரலால் தடவிப் பார்த்தார். என்னை ஏசவில்லை. தான் பார்த்துச் சிரித்ததை நினைத்திருப்பார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினோம். அந்த இரண்டு கிழமையும் எனக்குச் சரியான நித்திரை இல்லை. கிணற்றடியில் அவர் மூன்று தரம் ஒரே கேள்வியைக் கேட்டதுதான் மனதில் நின்றது. கேட்கும் காது அவருக்கு ஒன்றுதான். அந்தக் காதைத்தான் அன்றைக்கு மெஷினுக்கு அருகே வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பஸ்ஸில் இவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் உண்மையாகிவிடும் போல இருந்தது. சொல்லவில்லை.

கடற்கரைக்குக் கிட்ட அவர்களுடைய வீடு. அவர் வாசலுக்கே வந்து வரவேற்றார். கைக்கட்டு அவிழ்த்தாயிற்று, தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. இவரைக் கதிரையில் இருத்தி நேரே முன்னால் இருந்துகொண்டார். கை எப்படி என்று இவர் கேட்டார், நல்லா ஆறிட்டு என்றார். நெல் குத்தி எடுத்தாயிற்று என்று இவர் சொன்னார், சந்தோசம் என்றார் நானா. காது எப்படி என்று கேட்டதற்கு, பழையபடி வந்துவிட்டது என்று சிரித்தார். எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவருடைய மனைவி தேத்தண்ணியும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தா. நான் நானாவுக்குப் பின்னால் இருந்த பாயில் அவவோடு இருந்தேன்.

மகள் அங்குமிங்கும் ஓடித் திரிந்தவள், அவர் இருந்த கதிரைக்குப் பின்னால் போய், அங்கே அடுக்கியிருந்த பித்தளைத் தட்டங்களில் ஒன்றை இழுத்தாள். முழு அடுக்கும் சீமெந்து நிலத்தில் விழுந்தது. இவர் திடுக்கிட்டு எழும்பிவிட்டார். வெளியே நின்ற ஆடுகூடத் துள்ளியது.

நானா திரும்பவில்லை. இவர் ஏன் எழும்பினார் என்று விளங்காமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைக் கணம்தான். பிறகு இவருடைய கண் போன பக்கத்தைப் பார்த்துத் திரும்பி, தட்டங்களைக் கண்டு, பிள்ளை விளையாடட்டும் என்று சிரித்தார். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய மனைவி என்னைப் பார்த்தா. எனக்கு விளங்கிவிட்டது என்று அவவுக்கும் விளங்கிவிட்டது.

தட்டங்களைக் கழுவி வைப்பதுபோல நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குப் போனோம். அங்கே நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு துளிகூடக் கேட்கவில்லையாம். வாயைப் பார்த்துத்தான் கதைக்கிறாராம். பொயிலரடிக்கு இனிப் போக ஏலாது, தம்பியின் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கப் போகிறார் என்றா. அவ அழவில்லை. என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏன் எங்களிடம் சொல்லவில்லை, ஏன் இப்படி மறைத்தவர் என்று கேட்டேன்.

"நீங்க வாறீங்க எண்டு தெரிஞ்ச நேரத்திலயிருந்து அவருக்கு ஒரே பயம். அந்தத் தங்கச்சிக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் நெஞ்சில வச்சுக்கொண்டு திரியும், தெரியவிடாத எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். நீங்களும் தெரியாத மாதிரியே போங்க, தங்கச்சி."

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். போகும்போது அவருக்கு நேரே நின்று, வாயை நன்றாக அசைத்து, போட்டுவாறம் நானா என்றேன். ஓம் தங்கச்சி, கவனமாப் போங்க என்றார். தெரியாத மாதிரியே வந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் போய்ப் பார்த்திருக்கிறோம், ஒவ்வொரு முறையும் தெரியாத மாதிரியே இருந்தேன். என் கணவருக்குக்கூட அவருடைய காது போனது பிறகு வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். வயது போனதால் வந்தது என்று அவர் நினைத்தார். நான் திருத்தவில்லை.

அந்த மாரிக்குப் பிறகு எத்தனையோ பயங்களைக் கண்டுவிட்டேன், என் உயிருக்காக, என் பிள்ளைகளின் உயிருக்காக. ஆனால் தன் செவியையே பறித்தவளின் மனம் நொந்துவிடுமோ என்று ஒரு மனுசன் பயப்பட முடியும் என்பதை அந்த வீட்டில்தான் முதல்முதல் கண்டேன், அதை நினைக்கும்போதெல்லாம் நான் சின்னவளாகிப் போகிறேன்.